காயலில் சிறு படகும் தூண்டிலும்

பிழைப்பின் பொருட்டுக் கொச்சிக்கு வந்து வாழும் தமிழ் அன்பர்கள் சிலர், விடுமுறை நாட்களில் காயற்கரையில் நின்று தூண்டில் போடுவதுண்டு. கரையைவிட்டுச் சற்று உள்ளே செல்ல விரும்புவோருக்குக் கயாக் என்னும் சிறு படகு ஏற்றது. வடதுருவப் பகுதியில் வாழும் இனுயிட் மக்கள், சீல் என்னும் கடல்விலங்கின் தோலைச் சட்டத்தின்மேல் போர்த்தி, வேட்டைக்காகச் செய்துகொண்ட படகு அது. இப்பொழுது பிளாஸ்டிக்கிலும் வார்க்கிறார்கள். மேலே அமர்ந்து செலுத்தும் வகையே புதியவர்களுக்கு நல்லது. கவிழ்ந்தாலும் நிமிர்த்தி ஏறிக்கொள்ளலாம்.

ஆகவே, முதற்பாடம் தூண்டில் அன்று, விழுந்து ஏறுவதே. உயிர்காப்புச் சட்டை அணிந்து, துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, மார்பளவு நீரில் படகை வேண்டுமென்றே கவிழ்த்துப் பழக வேண்டும்.

இரண்டாம் பாடம் ஓதம். வேம்பநாட்டுக் காயல் கொச்சி முகத்துவாரத்தில் அரபிக் கடலோடு கலக்கிறது. ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை நீரோட்டம் திசை மாறும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அதன் வேகம் மிகும். முதன்முறை சென்றபோது சிறிது நேரத்திலேயே நெடுந்தொலைவு வந்துவிட்டோம். நம் தோள்வலிமை என்று மகிழ்ந்தோம். திரும்ப முயன்றபோதுதான், நம்மைக் கொண்டுவந்தது வடியும் நீர் என்பது புலனாயிற்று. ஒரு மணி நேரம் துடுப்புப் போட்டும் கரை நெருங்கவில்லை. மீனவர் ஒருவர் தம் வள்ளத்தில் கயிறு கட்டி நம்மை இழுத்து வந்தார். "போகும்போது நீரை எதிர்த்துப் போங்கள், களைத்துத் திரும்பும்போது அதுவே கொண்டுவந்துவிடும்" என்றார். எனினும், திரும்புவதற்குள் ஓதம் மாறிவிடாதபடி நேரத்தையும் கணக்கிட வேண்டும்.

இனி மீனுக்கு வருவோம். நாம் கொடுவா என்பதை மலையாளிகள் காளாஞ்சி என்பர். வங்காளியர் பேட்கி என்பர். அலையாத்தி மரங்களின் வேரோரத்தில் நீர் ஓடும் வேளையில் அது இரை தேடும். உயிருள்ள இறாலைக் கோத்து அங்கே இடுதல் நன்று. உரிமம் வேண்டுமா, எவ்வளவு சிறிய மீனைத் திருப்பி விடவேண்டும் என்பவற்றை மீன்வளத் துறையினரிடம் முன்னரே கேட்டறிக.

கப்பல் செல்லும் வழியையும் சீனவலைகளின் அருகையும் தவிர்க்க. தென்மேற்குப் பருவமழை பெய்யும் ஜூன் முதல் செப்டம்பர் வரை படகை எடுக்காதிருத்தல் நலம். மற்ற மாதங்களிலும் பிற்பகலில் கடற்காற்று வலுக்குமுன் கரை சேர்க. ஊதல் ஒன்றையும், நீர் புகாத உறையில் கைப்பேசியையும் உடலோடு கட்டிக்கொள்க. கடலோரக் காவல்படையின் மீட்பு எண் 1554. புறப்படுமுன், திரும்பும் நேரத்தை வீட்டாரிடம் சொல்லிச் செல்க. மீன் அகப்படாவிட்டால் வரும் வழியில் சந்தை இருக்கிறது. நேரத்தில் வீடு திரும்பினால் போதும்.