கடைசிப் படகு போன பிறகு: தனியாகச் சமைப்போர் அறிந்திருக்க வேண்டியவை

யாழ்ப்பாணத் தீவகத்தில், குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குக் கடல்வழி ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். அரிசி மூட்டை, மரக்கறி வந்து இறங்கும் அதே படகில்தான் முதல் நியமனம் பெற்ற ஆசிரியரும் வந்து இறங்குவார். அதுவரை அம்மா போட்டுத் தந்ததைச் சாப்பிட்டவர், அன்று இரவு விடுதி அறையில் தானே அடுப்பு மூட்ட வேண்டும். ஊர்காவற்றுறையிலும் நயினாதீவிலும் வேறொரு கூட்டம் இருக்கிறது. பிள்ளைகள் வெளிநாட்டில், துணை இறந்துவிட்டார். அறுபது வயதுக்குப் பிறகு முதன்முதலாக அகப்பை பிடித்தவர்கள் அவர்களிடையே உண்டு.

தனக்குத் தானே சமைக்கப் பழகுவது உடம்புக்கும் பணத்துக்கும் நல்லது. ஆனால் தனி அடுப்படியில் "காஸ் மணக்குது, பாருங்கோ" என்று சொல்ல இன்னொருவர் இல்லை. கடைசிப் படகு போய்விட்டால் பெரிய ஆஸ்பத்திரியும் கடலுக்கு அப்பால்தான். ஆகவே சமையலோடு சேர்த்துக் காவலையும் பழக வேண்டும்.

காஸ் அடுப்பு

2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் நாடெங்கும் வீடுகளில் காஸ் கசிந்து வெடித்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அதை ஆராய நியமிக்கப்பட்ட ஜனாதிபதி குழு, சிலிண்டரில் புரொப்பேன், பியூட்டேன் கலவை மாறியதைப் பிரதான காரணமாகச் சுட்டியது. கலவை நம் கையில் இல்லை. குழாயும் ரெகுலேட்டரும் நம் கையில் இருக்கின்றன.

புதுச் சிலிண்டர் பூட்டியதும் சவர்க்கார நுரையை இணைப்பில் தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு உண்டு. நெருப்புக்குச்சி கொளுத்திப் பார்க்கவே கூடாது. காஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு படியும். மணம் வந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு, யன்னலைத் திறந்து வெளியே போங்கள். லைட் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். தாச்சியில் எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். அடுப்பை நிறுத்தி, மூடியால் மூடுங்கள். சுட்ட இடத்தை 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் பிடியுங்கள். பற்பசையும் எண்ணெயும் காயத்தைக் கெடுக்கும்.

மீனும் கிழங்கும் சோறும்

தீவகத்தின் ஒடியல் கூழை எடுத்துக்கொள்வோம். ஒடியல் மா, மரவள்ளிக்கிழங்கு, மீன் மூன்றும் ஒரே பானையில் சேரும். மூன்றுக்கும் தனித்தனிக் கவனம் தேவை.

ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, தெளிந்த நீரை வடித்து, கசப்புப் போன பிறகே கரைக்க வேண்டும். இது ருசிக்காக மட்டும் வந்த வழக்கம் அல்ல; உடம்புக்கு ஆகாததும் அந்த நீரோடு போகிறது. மரவள்ளியில் சயனைட் நஞ்சைத் தரும் பொருள் உண்டு. தோலைத் தடிப்பாகச் சீவி, பானையை மூடாமல் அவித்து, அவித்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கசக்கும் கிழங்கை எறிந்துவிடுங்கள்.

சூரை, கும்பிளா, சூடை போன்றவை ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் சேரும். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது அழியாது. சாப்பிட்டுச் சிறிது நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு கடித்து, தலை இடித்தால் வைத்தியசாலைக்குப் போங்கள். பேத்தை மீனைத் தொடவே வேண்டாம். அதன் நஞ்சும் சமைத்தால் போகாது. அதற்கு முறிமருந்தும் இல்லை. உதடும் நாக்கும் விறைக்கத் தொடங்கினால் ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது. மூச்சுத் தசைகள் அடுத்துச் செயலிழக்கும்.

ஒரு ஆளுக்கென்று சமைப்பவர் காலையில் வடித்த சோற்றை இரவுக்கும் வைப்பது வழக்கம். நம் வெக்கையில் வெளியே கிடக்கும் சோற்றில் கிருமி வளர்ந்து நஞ்சை விடும். சூடாக்கினாலும் அந்த நஞ்சு நிற்கும். ஒரு வேளைக்கு ஒரு சுண்டு அரிசி போதாதா? அளவாகப் போடப் பழகுங்கள்.

வாங்குபவரின் உரிமை

தீவில் கடை குறைவு. "வேண்டாமென்றால் விடுங்கோ" என்று கடைக்காரர் சொன்னால் பேசாமல் வந்துவிடுகிறோம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் நம் பக்கம் நிற்கிறது. விலையைக் காட்சிப்படுத்துவது கடைக்காரரின் கடமை. கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டும். விற்பனைக்கு வைத்திருக்கும் பொருளை விற்க மறுப்பது குற்றம். குறித்த விலைக்கு மேல் வாங்கினாலோ பழுதான பொருளைத் தந்தாலோ அந்த அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அறிவியுங்கள். நட்டஈடோ, மாற்றுப் பொருளோ, பணமோ வேண்டுமானால் மூன்று மாதத்துக்குள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிட வேண்டும். அங்கே பேசப்போவது உங்கள் பற்றுச்சீட்டுத்தான், எறியாதீர்கள்.

பழுதான உணவு பற்றி உங்கள் பிரிவின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பொதுச் சுகாதார பரிசோதகரிடம் சொல்லலாம். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் அதற்கு வழி தருகிறது. மிஞ்சிய உணவையும் பொதியையும் கழுவிவிடாமல் எடுத்து வையுங்கள்.

ஆபத்து வந்தால்

ஊர்காவற்றுறை, வேலணைக்குத் தரைவழி இருப்பதால் 1990 அம்புலன்ஸைக் கூப்பிடலாம், கட்டணம் இல்லை. நெடுந்தீவிலும் நயினாதீவிலும் முதலில் தீவின் வைத்தியசாலைக்கே ஓட வேண்டும். யாழ்ப்பாணத்துக்கு அனுப்பும் படகை ஒழுங்கு செய்வது அங்கிருந்துதான். அந்த வைத்தியசாலையின் இலக்கத்தை இன்றே கேட்டு, அடுப்படிச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டிவிடுங்கள்.

கூழை எவரும் ஒருவருக்கென்று காய்ச்சுவதில்லை. நீங்களும் கொஞ்சம் கூடுதலாகக் காய்ச்சி, வேலிக்கு அப்பால் உள்ள வீட்டுக்கு ஒரு கோப்பை கொடுத்து அனுப்புங்கள். நாளைக்கு உங்கள் யன்னலால் காஸ் மணந்தால், ஓடிவந்து கதவைத் தட்டப்போவது அந்த வீட்டார்தான்.