ஐயாயிரம் பேருக்கு ஒரு நர்சம்மா

சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலையில் 3,000 பேருக்கு ஒன்று. அதற்கு மேலே 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், மலையென்றால் 20,000 பேருக்கு. அரசாங்கம் வகுத்து வைத்திருக்கும் கணக்கு இது. இந்தக் கணக்கின் கடைசிப் படியில் நின்று வேலை பார்த்தவள் நான். சம்பளப் பட்டியலில் கிராம சுகாதார செவிலியர், ஊரில் நர்சம்மா. 1990-களின் தொடக்கத்தில் தருமபுரி மாவட்டத்தில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே ஓய்வும் பெற்றுவிட்டேன்.

ஐயாயிரம் பேர் என்றால் சென்னையில் நாலைந்து அடுக்குமாடிக் கட்டிடம். எங்கள் பக்கம் அது ஒரு டஜன் கொட்டாய்கள். அவரவர் கொல்லையில் அவரவர் வீடு கட்டி, அண்ணன் தம்பி பங்காளியாகப் பெருகி, ஊர் பேரோடு கொட்டாய் என்று சேர்ந்துகொண்ட இடங்கள். ஒரு கொட்டாய்க்கும் அடுத்ததற்கும் நடுவில் ராகிக் கொல்லை, புளியமரங்கள், மழை பெய்தால் மட்டும் ஓடுகிற ஓடை. பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. மிச்சமெல்லாம் கால்தான். பிற்பாடு ஸ்கூட்டி வாங்கினேன். ஓடையைத் தாண்டி அதுவும் வராது.

கிராமத்து சுகாதாரம் என்றதும் கட்டிடத்தையும் டாக்டரையும் மாத்திரையையும்தான் எல்லாரும் பேசுகிறார்கள். தமிழ்நாட்டில் மாத்திரைக்குப் பெரிய குறை சொல்ல முடியாது. 1994-இல் தொடங்கிய மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கி மாவட்டக் கிடங்கில் வைக்கிறது. ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் பாஸ்புக்கில் தனக்கு உள்ள தொகைக்கு எடுத்துக்கொள்கிறது. கட்டிடமும் இருக்கிறது. வீட்டு வாசல் வரைக்கும் நடந்து போவது யார் என்பதுதான் கேள்வி. நான் பார்த்த வரையில் மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

நான் வந்த புதிதில் எங்கள் பகுதியில் பிரசவம் பெரும்பாலும் வீட்டில்தான். மருத்துவச்சி ஆயா முன்னாலேயே வந்து உட்கார்ந்திருக்கும்; நான் புது பிளேடும் கொதிக்க வைத்த நூலும் எடுத்துக்கொண்டு போவேன். இன்றைக்கு தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019-21) தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவம் ஆஸ்பத்திரியில் நடக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்று ஸ்டாஃப் நர்ஸ் போட்டு ராப்பகலாகத் திறந்து வைத்தார்கள். 2008 செப்டம்பரில் 108 ஆம்புலன்ஸ் வந்தது. முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவி, 1987-இல் 300 ரூபாயில் தொடங்கியது, ஊட்டச்சத்துப் பெட்டகம் உட்பட 18,000 ரூபாய் ஆனது. இதில் எது முக்கியக் காரணம் என்று படித்தவர்கள் வாதாடிக்கொள்ளட்டும். ஏழாம் மாதத்திலேயே வீட்டுக்குப் போய் மாமியாரைச் சரிக்கட்டி வைக்காமல் இருந்தால் 108 வந்து வாசலில் நின்றாலும் ஏற்றி அனுப்பியிருக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். (அந்தக் கணக்கெடுப்புப் பிரசவங்களில் கிட்டத்தட்ட 45 சதவீதம் சிசேரியன். அது தனிக் கதை, தனியாகக் கோபப்பட வேண்டிய கதை.)

எங்கள் மாவட்டத்துக்கு இன்னொரு பெயரும் உண்டு, சொல்லக் கூச்சப்படுகிற பெயர். பெண் சிசுக்கொலை. 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது, பிறகு எங்களுக்கும் வந்தது. அதைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. நாங்கள் செய்ததை யாரும் எழுதவில்லை. இரண்டாவது, மூன்றாவதாகப் பெண் பிறந்த வீட்டுக்கு தினமும் போவோம். தராசைத் தொங்கவிட்டுக் குழந்தையை எடை போடுவோம். "நேத்துதானம்மா போட்ட?" என்று பாட்டி முறைக்கும். "இன்னைக்கும் போடணும் ஆயா, மேல எழுதி அனுப்பணும்" என்போம். எடை ஒரு சாக்கு. நாளைக்கும் ஒருத்தி வந்து இந்தக் குழந்தையைக் கேட்பாள் என்று அந்த வீட்டுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

ரத்தசோகை விஷயமும் இப்படித்தான். மாநிலத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தம் கம்மி. அதே கணக்கெடுப்பு சொல்கிறது. இரும்புச்சத்து மாத்திரையை கர்ப்பிணிக்கு 180 நாளுக்குக் கொடுக்கிறோம், இலவசமாக. வாங்கிக்கொள்வார்கள். விழுங்குகிறார்களா? வாய் கசக்கிறது, வயிறு பிரட்டுகிறது, மலச்சிக்கல் வருகிறது, போதாததற்கு "பிள்ளை பெருசாயிடும், ஆபரேஷன்ல போய் நிக்கும்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். மாட்டுக்கொட்டகை ஓட்டிடுக்கில் பிரிக்காத அட்டைகளைக் கத்தையாக எடுத்திருக்கிறேன். "மாத்திரை சாப்பிடுறியா?" என்று கேட்டால் சாப்பிடுகிறேன் என்றுதான் பதில் வரும். அதனால் அப்படிக் கேட்க மாட்டேன். வெளிக்கு எந்த நிறத்தில் போகிறது என்று கேட்பேன். இரும்பு உள்ளே போனால் மலம் கறுக்கும். "எப்பவும் போலத்தான் நர்சம்மா" என்று வெள்ளந்தியாகச் சொன்னால் பிடிபட்டாள். திட்டுவதில்லை. ராத்திரி சோற்றுக்கு அப்புறம் போடு, கூட டீ குடிக்காதே, எலுமிச்சம்பழம் பிழிந்து தண்ணீர் குடி என்று சொல்லி, ஒரு மாத்திரையை என் முன்னாலேயே போட வைத்துவிட்டு வருவேன். ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே இறங்கிவிட்டால் மாத்திரையால் ஆகாது. பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்ற வேண்டிவரும். அந்த நிலைக்கு வந்த பெண்களில் அநேகம் பேர் கை நிறைய மாத்திரை வாங்கிப் போனவர்கள்தான்.

வாசலுக்குப் போவதை நிறுத்தினால் என்ன ஆகும்? அதையும் ஒருமுறை பார்த்துவிட்டோம். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்ட பிறகு 4 குழந்தைகள் இறந்தன. அதற்கப்புறம் கிராமத்தில் ஊசி வேண்டாம், டாக்டர் இருக்கிற இடத்தில் மட்டும் போடுங்கள் என்று உத்தரவு வந்தது. பயந்த நேரத்தில் எடுத்த முடிவு, தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் 4 ஐஸ்பேக் வைத்த கேரியரைத் தோளில் மாட்டிக்கொண்டு நாங்கள் பால்வாடிக்குப் போனது நின்று, தாய்மார்கள் பஸ் பிடித்து வரவேண்டியதாயிற்று. ஒரு ஊசிக்கு ஒரு நாள் கூலி போகும். எல்லாத் தடுப்பூசியும் முழுதாகப் போட்ட குழந்தைகள் 2005-06 கணக்கெடுப்பில் 80.9 சதவீதம், 2015-16-இல் 69.7 சதவீதம். ஊசியில் நாட்டுக்கே முன்னே நின்ற மாநிலம் பத்து வருஷத்தில் இவ்வளவு இறங்கியது. வேறு காரணங்களும் இருக்கலாம். எங்கள் ஊரில் காரணம் அந்த பஸ்தான். பிற்பாடு ஊசி மறுபடி கிராமத்துக்கு வந்தது. 2019-21-இல் 89.2 சதவீதம்.

போக முடியாத வீடுகளும் உண்டு. கதவு திறந்துதான் இருக்கும், உள்ளே பெண்ணை ஒளித்து வைத்திருப்பார்கள். பதினாறு, பதினேழு வயதில் கட்டிக்கொடுத்த பெண்கள். கர்ப்பம் என்று பதிய வந்தால் ஆதாரில் வயது தெரிந்துவிடும்; 18 நிறையாவிட்டால் போக்சோ சட்டப்படி நாங்கள் தகவல் சொல்லியாக வேண்டும், புருஷன் உள்ளே போவான். அதனால் கர்ப்பத்தைப் பதிந்தால் கிடைக்கிற பிக்மி நம்பரே வாங்காமல் ஆறேழு மாதம் ஓட்டுவார்கள். எல்லாரையும்விட ஆபத்து அதிகமான பிள்ளை அதுதான், எடை பார்க்காமல், பிரஷர் பார்க்காமல் இருப்பதும் அதுதான். சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சத்து மாத்திரை கொடுக்க வருகிறவளும் போலீசுக்குச் சொல்கிறவளும் ஒரே ஆளாக இருந்தால் கதவு சாத்தத்தான் செய்யும். இதை மேலே இருப்பவர்கள் உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

மலைக்குப் போனால் எல்லாமே இரட்டிப்பு. பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலைக்கு ஓட்டு இயந்திரம் கழுதை மேல் ஏறுகிற படத்தைத் தேர்தலுக்குத் தேர்தல் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். கழுதை போகிற பாதையில்தான் நிறைமாதக் கர்ப்பிணியும் இறங்க வேண்டும், இல்லாவிட்டால் டோலி கட்ட வேண்டும். 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் பாம்பு கடித்து ஒன்றரை வயதுக் குழந்தை இறந்தது; சாலை இல்லாததால் உடலைத் தாயே சுமந்து நடந்தாள். 2024 நவம்பரில் பாம்புக்கடியை 1939-ஆம் வருஷப் பொது சுகாதாரச் சட்டத்தின்கீழ் கட்டாயம் தெரிவிக்க வேண்டியதாக அரசு அறிவித்தது. நல்லது, இனி எங்கே எத்தனை என்று கணக்காவது வரும், அதை வைத்து மருந்து அனுப்பலாம். கடித்தால் கயிறு இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், காலை அசைக்காமல் தூக்கிக்கொண்டு வாருங்கள் என்று சொல்ல மட்டும் மலையில் ஓர் ஆள் வேண்டும்.

இப்போது வேலையின் முகமே மாறிவிட்டது. பிரசவம் பார்க்க வந்த எங்களுக்கு இன்றைக்குப் பாதி வேலை சர்க்கரையும் பிரஷரும்தான். 2020-இல் மாநில அளவில் நடந்த ஆய்வில் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 சதவீதம். மாத்திரை தீர்ந்தால் அடுத்த அட்டை வாங்கப் போவதில்லை, மயக்கம் வரவில்லையே என்று விட்டுவிடுகிறார்கள். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இதைத்தான் பிடித்துக்கொண்டது. மகளிர் குழுவிலிருந்து வந்த பெண்கள் வீட்டுக்கே போய் பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். 2024-இல் ஐ.நா. விருதும் கிடைத்தது. தாராளமாகக் கொடுக்கட்டும். ஊர் ஊராக நடந்த பழைய நர்சம்மாக்கள் செய்ததுதான் அது, பெயர் புதிது.

அந்த நடைதான் இப்போது குறைகிறது. ஒரு பக்கம் செல்போன். கர்ப்பிணிக்கு ஒரு செயலி, ஊசிக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று. பகலில் பார்த்ததை ராத்திரி சிக்னல் கிடைக்கிற மதில் ஓரம் நின்று ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் பார்த்ததே கணக்கில் வராது. இன்னொரு பக்கம் காலி இடம். மாநிலத்தில் 8,700-க்கு மேல் துணை சுகாதார நிலையங்கள் உண்டு. 2023 அக்டோபரில் 2,250 கிராம சுகாதார செவிலியர் பணியிடங்களுக்கு அறிவிப்பு வந்தது. எவ்வளவு காலியாகக் கிடந்தது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த இடங்களை பக்கத்து நர்ஸ் 'இன்சார்ஜ்' என்று சேர்த்துப் பார்ப்பாள். ஐயாயிரம் பத்தாயிரமாகும். அப்போது முதலில் விட்டுப்போவது தூரத்துக் கொட்டாய்தான்.

உங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்தில் இருப்பது நிரந்தர நர்ஸா, இன்சார்ஜா? கடைசிக் கொட்டாய்க்கு அவர் எந்தக் கிழமை வருகிறார்? வருஷத்துக்கு 6 முறை கிராம சபை கூடுகிறது. அங்கே எழுந்து இந்த இரண்டையும் கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் தீர்மான நோட்டில் எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள்.