நொண்டிய குதிரையை நடையினால் தேற்றுதல்

சிவகிரி வட்டாரத்தில் உழவுக்கும் பாரத்திற்கும் பண்டுதொட்டுப் பயன்பட்டு வந்தது எருதே. குதிரை வைத்திருந்தோர் சிலரே. ஜட்கா வண்டி ஓடிய காலமும் கடந்துவிட்டது. ஆயினும் தென் மாவட்டங்களில் திருவிழாக்களை ஒட்டி நடைபெறும் வண்டிப் பந்தயங்களின் பொருட்டுக் குதிரை வளர்ப்போர் இன்றும் உளர். அத்தகைய குதிரை ஒன்று கால் நொண்டினால், அதன் உடையவர் செய்வது பெரும்பாலும் இரண்டில் ஒன்றாகும். வலி சற்றுக் குறைந்த மறுவாரமே அதனை வண்டியிற் பூட்டுவர். அல்லது முளையில் கட்டி மாதக்கணக்கில் அசையாது நிறுத்திவைப்பர். இரண்டும் பிழையே. முன்னது ஆறத் தொடங்கிய இடத்தை மீண்டும் கிழித்துவிடும். பின்னது நலமாயிருந்த தசைகளையும் சூம்பச் செய்யும்.

இப்பிழை இந்நாட்டிற்குப் புதிதன்று. பாண்டியர் காலத்தில், தாமிரபரணி கடலொடு கலக்குமிடத்தை அடுத்த காயல் முதலிய துறைமுகங்களில் அரபு, பாரசீக நாட்டுக் குதிரைகள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வந்திறங்கின. 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப், குதிரை ஒன்றின் விலை 220 பொன் தீனார் என்று குறிக்கிறார். இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய குதிரைகளுக்கு வறுத்த தானியமும் நெய்யும் காய்ச்சிய பாலும் ஊட்டி, கொழுக்கட்டும் என்று 40 நாள் கயிற்றால் முளையிற் பிணித்து வைத்து, பின்னர் எவ்விதப் பழக்கமுமின்றி ஏறி விரட்டினர் என்றும், அதனால் உறுதியான குதிரைகளும் சில நாளில் வலுவிழந்து பயனற்றுப் போயின என்றும் அவர் எழுதியுள்ளார். குதிரையைப் பேணுவதற்கும் லாடம் அடிப்பதற்கும் அறிந்தோர் இல்லாமையை மார்க்கோ போலோவும் சுட்டியிருக்கிறார். தட்பவெப்பமும் ஓரளவு காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் 40 நாள் கட்டிக்கிடந்து ஒரே நாளில் விரட்டப்படும் குதிரை எந்த நாட்டிலும் கெடவே செய்யும்.

குதிரையின் உடலமைப்பை அறிந்தால் இதன் காரணம் விளங்கும். நிற்கும் குதிரையின் எடையில் நூற்றுக்கு ஏறத்தாழ 60 பங்கை முன்னங்கால்களே தாங்குகின்றன. மனிதனுக்குள்ள காறை எலும்பு குதிரைக்கு இல்லை. அதன் மார்புக்கூடு இரு தோள்களுக்கிடையே தசைகளினால், தூளியிலிட்டது போல் தொங்குகிறது. அத்தசைகள் தளர்ந்தால் மார்பு தாழும், முதுகு குழியும், நடை கனக்கும். மேலும், முன்னங்காலில் முழங்காலுக்குக் கீழே சதைப்பற்று இல்லை. அங்குள்ளவை எலும்பும், குடியானவர் 'நரம்பு' என்று வழங்கும் தசைநாண்களுமே. பாய்ச்சலின்போது ஒவ்வோர் அடியிலும் விழும் பளுவை அந்நாண்கள் வில்லின் நாண்போல் நீண்டு சுருங்கித் தாங்குகின்றன. ஆகவே பந்தயக் குதிரைகளில் காயம் மிகுதியாக ஏற்படுமிடம் அதுவே.

நொண்டலைக் கண்டறிவதற்குக் கெட்டியான சமதரை வேண்டும். கயிற்றைத் தளர்வாகப் பிடித்து, குதிரையை மெல்லோட்டத்தில் நேராகச் செலுத்தி, முன்னும் பின்னும் பக்கத்திலும் நின்று பார்க்க வேண்டும். நோயுள்ள முன்னங்கால் தரையில் படும்போது தலை மேலெழும். நல்ல கால் படும்போது தாழும். பின்னங்கால் நோயானால், அப்பக்கத்து இடுப்பு மற்றதைவிட அதிகமாக ஏறியிறங்கும். நிற்கையில் பின்னங்கால் ஒன்றை மாற்றி மாற்றித் தளர்த்தி நிற்பது குதிரைக்கு இயல்பு. முன்னங்காலை முன்னே நீட்டி வைத்து நிற்குமானால் அது வலியின் அறிகுறியாகும்.

முன்னங்காலின் பின்புறம் வில்போல் வீங்கிச் சூடாயிருந்தால் நாண் சேதமுற்றிருக்கிறது என்று ஐயுற வேண்டும். முதல் சில நாட்களில், நாளைக்கு 2 அல்லது 3 தடவை, 15 முதல் 20 நிமிடம் வரை குளிர்ந்த நீரை அவ்விடத்தில் ஓடவிட வேண்டும். பின்னர் கனமாகப் பஞ்சு வைத்து ஒரே அழுத்தமாகக் கட்டுப் போட வேண்டும். பளுவை மிகுதியாக ஏற்கும் எதிர்க்காலுக்கும் கட்டுப் போடுதல் நலம். வேலையில்லாத குதிரைக்குக் கொள்ளைக் குறைத்துப் புல்லைப் பெருக்க வேண்டும். புதிய வீக்கத்தில் எண்ணெய் தேய்த்து அழுத்தி உருவுதல் கூடாது. சூடு போடுதல் அதனினும் தீது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் இதனை ஆராய்ந்து 1983-இல் முடிவு வெளியிட்டனர். சூட்டினால் நாண் விரைந்து ஆறவுமில்லை, வலுப்பெறவுமில்லை. சூடு போட்ட பின் குதிரைக்குக் கிடைக்கும் நீண்ட ஓய்வினால் உண்டான நன்மையே சூட்டின் கணக்கில் எழுதப்பட்டு வந்தது எனலாம்.

நாணுக்கு இரத்த ஓட்டம் குறைவாதலின் அது மெதுவாகவே ஆறும். 9 முதல் 12 மாதம் வரை செல்லும். ஆறுமிடத்தில் புதிய இழைகள் முதலில் தாறுமாறாகவே உண்டாகின்றன. அளவான பளு நாள்தோறும் கிடைத்தால்தான் அவை கால் இழுபடும் திசையில் நேராக அமையும். நடையை மருந்தென்று கூறுவது இதனாலேயே. மருத்துவர் இசைவு தந்தபின், முதல் வாரம் நாளொன்றுக்கு 10 நிமிடம் கையில் பிடித்து நடத்த வேண்டும். வாரந்தோறும் 5 நிமிடம் கூட்டினால் 11-ஆம் வாரத்தில் ஒரு மணி நேரமாகும். நான்காம் மாதத்தில், ஸ்கேன் எடுத்துப் பார்த்து, அந்த ஒரு மணிக்குள்ளேயே 5 நிமிட மெல்லோட்டம் சேர்க்கலாம். இரு வாரத்திற்கொரு முறை அதனை 5 நிமிடம் கூட்டலாம். நாலுகால் பாய்ச்சலுக்கு ஏழெட்டு மாதமாவது செல்ல வேண்டும். நாள்தோறும் காலையில் கையால் தடவிப் பார்த்து, சூடோ வீக்கமோ தோன்றினால் முந்திய படிக்குத் திரும்ப வேண்டும். ஆறாம் மாதத்தில் குதிரை நொண்டாது நடப்பதைக் கண்டு திருவிழாப் பந்தயத்திற்குப் பூட்டுவோர் உளர். நொண்டல் நீங்குவது வேறு, நாண் வலுப்பெறுவது வேறு. அவ்வாறு பூட்டிய குதிரைக்கு இரண்டாம் முறை கிழியும் நாண் முன்போல் தேறுவது அரிது.

நடத்துமிடமும் கவனிக்கற்பாலது. சிவகிரி வழியே செல்லும் கொல்லம் நெடுஞ்சாலையின் தார்த்தளம் மூட்டுகளை அதிரச் செய்யும். ஆழ்ந்த மணலோ நாணை இழுக்கும். வயல்களினூடே செல்லும் கெட்டியான மண்பாதையே ஏற்றது. மலையடிவாரச் சரிவில் ஏறுவது பின்தொடைக்கு வலுவூட்டும். ஆனால் இறங்கும்போது முன்னங்காலில் பளு கூடுமாதலால், பிற்பகுதி மாதங்களிலேயே சரிவிற் பழக்க வேண்டும். சமதரையில் நான்கைந்து மூங்கிற் கழிகளை 2½ முதல் 3 அடி இடைவெளியில் உருளாதபடி பதித்து, அவற்றின்மேல் நடத்தினால் குதிரை காலைத் தூக்கி வைக்கும். மூட்டுகள் நன்கு மடங்கும்.

முதுகுத் தசைகளுக்கு உரிய பயிற்சி மிக எளிது. கையில் காரட்டைக் காட்டி, குதிரை தானாகவே தலையை மார்புக்கும், முன்னங்கால்களுக்கிடையிலும், இரு பக்கத்தும் விலா, இடுப்பு வரையிலும் கொண்டுவரச் செய்து, சில விநாடி நிறுத்தி விடுவதே அது. தலையைக் கயிற்றால் இழுத்தல் கூடாது. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தார் 8 குதிரைகளுக்கு வாரம் 5 நாளாக 3 மாதம் இப்பயிற்சி அளித்தனர். முதுகெலும்பை ஒட்டிய உட்தசை பருத்ததை அளந்து 2011-இல் வெளியிட்டுள்ளனர். செலவு காரட் மட்டுமே.

குளத்து நீரும் உதவும். நீர் முன்னங்காலின் மேற்பகுதியிலுள்ள முழங்கை எலும்பு வரை நின்றால் உடற்பளுவில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கும், இடுப்பெலும்பு வரை நின்றால் முக்கால் பங்கும் குறையும். எனினும் சேற்றில் கால் புதையும் குளமும், ஆறாத புண்ணும் இதற்கு ஆகா.

பின்னங்கால் திடீரெனப் பின்னோக்கி நீண்டு விறைத்து நின்றுவிடுவது மற்றொரு குறை. முழங்காற் சில்லு மேலே மாட்டிக்கொள்வதே காரணம். இளங்குதிரைகளில் நாள்தோறும் நடையும் ஏற்றமும் தந்து தொடைத் தசையை வளர்த்தால் பெரும்பாலும் நீங்கும். எருதுகளுக்கும் இது வருவதுண்டு. அவற்றிற்கு மருத்துவர் ஒரு தசைக்கயிற்றை வெட்டிவிடுவது எளிய சிகிச்சை.

குளம்பழற்சி கண்ட குதிரைக்கு மட்டும் நடை மருந்தாகாது. குளம்பு சூடாகி, பளுவைப் பின்னங்கால்களில் தள்ளிச் சாய்ந்து நிற்கும் குதிரையை நடத்துவது அதற்குக் கொடுமை. மென்மையான படுக்கையிட்டு நிறுத்தி, அன்றே மருத்துவரை அழைக்க வேண்டும்.

குளம்பு மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளருமாதலால் 6 முதல் 8 வாரத்திற்கொரு முறை சீவுதல் வேண்டும். முனை நீண்டு குதி தாழ்ந்தால் நாணுக்குப் பளு கூடும். இசிவுநோய்த் தடுப்பூசியும் தவறலாகாது. திருநெல்வேலியை அடுத்த இராமையன்பட்டியில் 2012-இல் தொடங்கப்பெற்ற கால்நடை மருத்துவக் கல்லூரி உள்ளது. குதிரையை அங்குக் கொண்டுசெல்வோர், நொண்டல் கண்ட நாள், அதுவரை செய்த சிகிச்சை, நாள்தோறும் நடத்திய நிமிடம் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்து எடுத்துச் செல்க.