சிவப்புக் கட்டை (பண்டமாற்றுப் பாதை – 17)

ஆள் உயரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. குழல் இரும்பு, விசைப்பொறி இரும்பு, இரண்டிலும் கறுத்த துரு. ஆனால் பார்ப்பவர் கண் முதலில் போய் நிற்பது கட்டையில். தோளில் அணைக்கும் பின்பக்கம் தொடங்கி, குழலைத் தாங்கிக்கொண்டு ஓடும் முன்நுனி வரை அடர்ந்த சிவப்பு. ஜன்னல் கதவுக்கு அடிக்கிற மாதிரி, மரத்தின் ரேகையே தெரியாமல் மூடிய பெயிண்ட். கை பிடிக்கும் இடத்தில் மட்டும் தேய்ந்து, உள்ளே வெளுத்த மரம் எட்டிப் பார்க்கிறது.

மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் கைமாறிய சிக்கிமுக்கித் துப்பாக்கிகளில் ஒரு பெரும் வகை இப்படித்தான் இருந்தது. ராணுவத்துக்கோ வேட்டைப் பிரபுக்களுக்கோ செய்தவை அல்ல. விற்பதற்கென்றே செய்தவை. பண்டமாற்றுக்கான பண்டம், அடிமைகளாக வாங்கிய மனிதர்களுக்கும் மாற்றாகக் கொடுத்த பண்டம். அதனால் ஆங்கிலத்தில் இவற்றுக்கு வியாபாரத் துப்பாக்கி என்றே பெயர்.

பெயிண்டுக்குள் இருக்கும் அந்த வெளுத்த மரம் பீச். இங்கிலாந்திலும் பெல்ஜியத்திலும் காடு காடாக வளர்கிற, மலிவான மரம். நல்ல துப்பாக்கிக்கு அக்ரூட் மரம்தான் கட்டை. பிரிட்டிஷ் சிப்பாயின் ‘பிரௌன் பெஸ்’ துப்பாக்கிக்கும் அதுவே. அக்ரூட்டுக்கு நிறம் உண்டு, ரேகை உண்டு, எண்ணெய் தேய்த்தாலே அழகு வந்துவிடும். பீச்சுக்கு அந்த அழகு கிடையாது. அதைவிடப் பெரிய குறை, அது ஈரத்தைக் குடிக்கும். மழைக்குப் பெருத்து வெயிலுக்குச் சுருங்கும். பூச்சி சுலபமாக அரிக்கும். கினி வளைகுடாவின் புழுக்கத்தில் பூச்சில்லாத பீச் கட்டை எத்தனை நாள் தாங்கும்? பெயிண்ட் ஈரத்தைத் தடுத்தது. கூடவே முடிச்சையும் வெடிப்பையும் அடைத்த இடத்தையும் மறைத்தது. ஒரே பூச்சில் காப்பும் ஆயிற்று, மறைப்பும் ஆயிற்று.

இந்தத் துப்பாக்கி வேலை செய்யும் விதத்தைச் சொல்லிவிட்டால் மற்றது எளிதில் விளங்கும். வாய்வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கம்பியால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் சிறு கிண்ணத்தில் ஒரு சிட்டிகை மருந்து. விசையை இழுத்தால், சிக்கிமுக்கிக் கல்லைக் கவ்வியிருக்கும் சுத்தி பாய்ந்து எஃகுத் தகட்டில் உரசும். பொறி கிண்ணத்தில் விழும், அங்கிருந்து ஒரு துளை வழியாக நெருப்பு குழலுக்குள் போகும். கல்லும் மருந்தும் ஈயமும் இருந்தால் போதும். ஈயம் இல்லாவிட்டால் இரும்புத் துண்டு, கூழாங்கல் எதுவும் ஆகும். பழுதானால் ஊர்க் கொல்லரே சரிசெய்துவிடுவார். தொழிற்சாலையிலிருந்து வர வேண்டிய தோட்டா என்று ஒன்று இதற்குக் கிடையாது.

இவற்றில் மிகப் பெரும் பங்கு பர்மிங்ஹாமில் பிறந்தது. ஒரு துப்பாக்கியை ஒருவரே செய்வது அந்த ஊர் வழக்கம் அல்ல. குழலைப் பற்றவைப்பவர் ஒருவர், துளையைக் கடைபவர் ஒருவர், பொறியை அராவுபவர் ஒருவர், கட்டை செதுக்குபவர் ஒருவர் என்று வேலை பிரிந்து கிடந்தது. குழல்கள் பக்கத்து வெட்னஸ்பரியிலிருந்தும், பொறிகள் டார்லஸ்டனிலிருந்தும் வந்தன. எல்லாவற்றையும் சேர்த்து ஆர்டர் எடுத்து அனுப்பிய வியாபாரிகளில் முதல் வரிசையில் நின்றவர்கள் ஸ்டீல்ஹவுஸ் லேனில் இருந்த கால்ட்டன் குடும்பத்தார்.

இந்தக் குடும்பத்திடம் கொஞ்சம் நின்று போக வேண்டும். கால்ட்டன்கள் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். ஆயுதம் தொடக் கூடாது, போர் கூடாது என்பது குவேக்கர்களின் அடிப்படைக் கொள்கை. அடிமை வியாபாரத்தை எதிர்த்து முதலில் குரல் எழுப்பியவர்களிலும் அவர்கள் முன்னணி. அப்படிப்பட்ட சபையில் உட்கார்ந்துகொண்டு தலைமுறை தலைமுறையாகத் துப்பாக்கி விற்றது இந்தக் குடும்பம். 1795இல் சபை ஒருவழியாகக் கேள்வி கேட்டது. சாமுவேல் கால்ட்டன் ஜூனியர் பணியவில்லை. இந்தத் தொழில் எழுபது ஆண்டுகளாகக் குடும்பத்தில் இருக்கிறது, அப்போதெல்லாம் யாரும் கேட்கவில்லையே என்றார். வரி கட்டுபவர் எல்லாருமே போருக்குப் பங்கு கொடுப்பவர்கள்தானே என்றும் வாதாடினார். 1796இல் சபை அவரை விலக்கியது.

அவருடைய வாதத்தைத் தள்ளிவிடுவது சுலபம். ஆனால் அன்றைய பர்மிங்ஹாமைப் பார்த்தால் அதில் ஒரு பாதி உண்மை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். துப்பாக்கிக்கு ஆணி அடித்தவரும் பித்தளை வார்த்தவரும் பீச் மரம் அறுத்தவரும் கடன் கொடுத்த வங்கிக்காரரும் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணிதான். மறு பாதியைத்தான் அவர் சொல்லவில்லை: சங்கிலியின் அடுத்த முனையில் மனிதர்கள் கட்டப்பட்டிருந்தார்கள்.

எத்தனை துப்பாக்கி? நைஜீரிய வரலாற்றாசிரியர் ஜோசப் இனிகோரி 1977இல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டார். 1750க்கும் 1807க்கும் இடையில் ஐரோப்பாவிலிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்கு ஆண்டுக்கு 2,83,000 முதல் 3,94,000 துப்பாக்கிகள் போயின என்பது அவர் கணக்கு. எண்ணிக்கை பற்றி ஆய்வாளர்களிடையே விவாதம் உண்டு. ஆனால் லட்சக்கணக்கு என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. 1760களில் பர்மிங்ஹாமுக்கு வந்த ஷெல்பர்ன் பிரபு, ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் துப்பாக்கிக்கு மேல் ஆப்பிரிக்கக் கரைக்குப் போகிறது என்று எழுதிவைத்தார். அவற்றில் பாதிக்கு மேல் முதல் முறை சுடுபவரின் கையிலேயே வெடித்துவிடும் தரம் என்று மனம் பதறியும் எழுதினார். ஒவ்வொரு குழலையும் சோதித்து முத்திரை குத்த வேண்டும் என்று பர்மிங்ஹாமில் சோதனைச் சாலை வந்ததே 1813இல்தான். அதாவது பிரிட்டன் அடிமை வியாபாரத்தைத் தடைசெய்து 6 ஆண்டுகள் கழித்து.

இதை வைத்து, சிவப்புப் பெயிண்டே ஓர் ஏமாற்று வேலை, அப்பாவி வாங்குபவர் தலையில் கட்டிய ஓட்டை உடைசல் என்று முடிவுகட்டுபவர்கள் உண்டு. அது சரியல்ல. வாங்கியவர்கள் அப்பாவிகள் அல்லர். குழலைத் தட்டிப் பார்த்து, பொறியை இழுத்துப் பார்த்து, பிடிக்காவிட்டால் கப்பலுக்கே திருப்பி அனுப்பும் கறாரான வியாபாரிகள். கரைக்குக் கரை அவர்கள் ரசனை மாறியது. அதனால்தான் பர்மிங்ஹாம் பட்டியல்களில் ‘போனி மஸ்கட்’, ‘அங்கோலா மஸ்கட்’ என்று இடப் பெயரிலேயே தனித்தனி வகைகள். நைஜர் கழிமுகத்துப் போனித் துறைமுகத்தில் ஓடும் சரக்கு அங்கோலாவில் ஓடாது. நீளம், எடை, கட்டையின் நிறம் என்று கேட்டதைக் கேட்டபடி கொடுக்காவிட்டால் சரக்கு தேங்கிவிடும். கட்டையின் நிறத்தில் செய்தவரின் சிக்கனமும் இருக்கிறது, வாங்கியவரின் கட்டளையும் இருக்கிறது.

அட்லான்டிக்கின் மறுகரையிலும் இதே கதைதான். கனடாவில் ஹட்சன்ஸ் பே கம்பெனி பூர்வகுடி வேட்டைக்காரர்களுக்கு பீவர் தோலுக்கு மாற்றாக விற்ற துப்பாக்கியில், பொறிக்கு எதிர்ப்பக்கம் பித்தளையில் வளைந்த ஒரு பாம்புத் தகடு இருக்கும். அது இல்லாத துப்பாக்கியை அவர்கள் தொடவில்லை. வாங்கிய பிறகு கட்டையில் பித்தளை ஆணிகளை வரிசையாக அறைந்து தங்களுடையதாக ஆக்கிக்கொண்டார்கள்.

மேற்கு ஆப்பிரிக்காவில் இந்த நீண்ட துப்பாக்கிக்கு நிலைத்த பெயர் ‘டேன் கன்’, அதாவது டென்மார்க்காரர் துப்பாக்கி. இன்றைய கானாவின் அக்ரா நகரில் கிறிஸ்தியான்ஸ்போர்க் கோட்டையைக் கையில் வைத்திருந்தவர்கள் டேனிஷ்காரர்கள். தரங்கம்பாடியில் 1620இல் டான்ஸ்போர்க் கோட்டை கட்டிய அதே டேனிஷ்காரர்கள்தான். பின்னாளில் பர்மிங்ஹாமிலும் பெல்ஜியத்து லீஜ் நகரிலும் செய்த துப்பாக்கிக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. தரங்கம்பாடியை 1845இலும் அக்ராக் கோட்டையை 1850இலும் அவர்கள் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள்.

தொடர்பு கோட்டையோடு முடியவில்லை. ஆப்பிரிக்கக் கரையில் இறங்கிய சரக்குப் பெட்டிகளில் துப்பாக்கிக்குப் பக்கத்திலேயே இருந்தது இந்தியப் பருத்தித் துணி. சோழமண்டலக் கரையில் நெய்த துணிகள் கோபன்ஹேகன், லண்டன் வழியாகச் சுற்றிக்கொண்டு கினிக் கரைக்குப் போயின. அடிமைகளுக்கு விலை பேசும்போது துணியும் துப்பாக்கியும் சேர்ந்தே கைமாறின. நம்மூர்த் தறியில் உட்கார்ந்தவருக்கு இது எதுவும் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் அந்தக் கணக்குப் புத்தகத்தில் அவருடைய உழைப்பும் ஒரு வரிதான்.

துப்பாக்கி விற்றவர்களுக்கே உள்ளூரப் பயம் இருந்தது. அதே கரையின் எல்மினாக் கோட்டையில் வேலை பார்த்த டச்சுக்காரர் வில்லெம் போஸ்மன், 1704இல் வெளியிட்ட தன் நூலில், நம் கழுத்துக்கே கத்தியை எடுத்துக் கொடுக்கிறோம் என்ற பொருளில் எழுதினார். நாம் நிறுத்தினால் மற்ற நாட்டுக்காரன் விற்பான் என்பதும் அவருடைய பேச்சுதான். அவர் எழுதிய நாட்களில்தான் கொஞ்சம் உள்நாட்டில், ஓசெய் டூட்டுவின் தலைமையில் அசாந்தே அரசு எழுந்துகொண்டிருந்தது. அந்த அரசின் படைக்கு இந்தத் துப்பாக்கியே முதுகெலும்பு ஆயிற்று. 1824இல் பிரிட்டிஷ் ஆளுநர் சார்ல்ஸ் மெக்கார்த்தியையே அசாந்தே படை போரில் கொன்றது.

அதற்கு ஐம்பது ஆண்டு கழித்து நிலைமை மாறியது. 1874 ஜனவரி 31 அன்று அமோஆஃபுல் என்ற இடத்தில் பிரிட்டிஷ் படை பின்பக்கம் தோட்டா போடும் ஸ்னைடர் ரைஃபிளோடு நின்றது. அசாந்தே வீரர்கள் கையில் அதே பழைய சிக்கிமுக்கித் துப்பாக்கி. அடர்ந்த புதருக்குள்ளிருந்து அவர்கள் சுட்ட குண்டுகள் பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஏராளமானோரைக் காயப்படுத்தின. ஆனால் செத்தவர்கள் சிலரே. மருந்து வலுவில்லை, குண்டு உடலுக்குள் ஆழமாக இறங்கவில்லை. சில நாட்களில் அசாந்தே தலைநகர் குமாசி எரிந்தது.

இதன் பிறகு அந்தத் துப்பாக்கி ஒழிந்திருக்க வேண்டும் அல்லவா? ஒழியவில்லை. அதை ஒழியவிடாமல் பார்த்துக்கொண்டது ஐரோப்பாவேதான். அடிமை வியாபாரத்தை ஒழிப்பது என்ற பெயரில் 1890இல் பிரஸ்ஸல்ஸில் ஒப்பந்தம் ஒன்று கையெழுத்தாயிற்று. ஆப்பிரிக்காவின் பெரும்பகுதிக்கு ரைஃபிள்களையும் நவீன தோட்டாக்களையும் கொண்டுபோவதை அது கட்டுப்படுத்தியது. உள்ளே சுழல் வரி வெட்டாத குழலுள்ள சிக்கிமுக்கித் துப்பாக்கிக்கும் சாதாரணக் கரிமருந்துக்கும் மட்டும் வழி விட்டது. கண்டத்தைப் பங்கு போட வந்தவர்களின் கையில் மாக்சிம் எந்திரத் துப்பாக்கி, அந்த மண்ணின் மக்கள் கையில் சிவப்புக் கட்டை. இப்படிச் சட்டத்தாலேயே உறையவைத்த ஒரு தொழில்நுட்பத்துக்கு வரலாற்றில் இணை தேடுவது கடினம். ஐரோப்பியப் படைகள் மறந்தே போன பொறியை பர்மிங்ஹாமும் லீஜும் ஆப்பிரிக்காவுக்காக 20ஆம் நூற்றாண்டு வரை செய்துகொண்டிருந்தன.

நைஜீரியாவில் ஊர்க் கொல்லர்கள் டேன் கன்னை இன்றும் செய்கிறார்கள். வேட்டைக்குப் போகிறவர், பயிரைக் காப்பவர் கையில் அதைப் பார்க்கலாம். கானாவில் பெரியவர் ஒருவர் இறந்தால், அல்லது அரசரின் திருவிழா என்றால், நீண்ட துப்பாக்கிகள் வரிசையாக வானத்தை நோக்கி வெடிக்கின்றன.

ஒரு வேண்டுகோள். பழைய மரச் சாமான் கையில் கிடைத்தால் முதல் வேலையாக உப்புத்தாளை எடுத்துப் பெயிண்டைச் சுரண்டும் பழக்கம் நம்மிடமும் இருக்கிறது. அடியில் இருப்பதுதான் அசல், மேலே இருப்பது பின்னால் வந்த அழுக்கு என்ற நினைப்பு. இந்தத் துப்பாக்கிகளில் பெயிண்ட்தான் அசல். அதைச் சுரண்டிவிட்டால் மிஞ்சுவது எந்த ஊர் என்று சொல்ல முடியாத ஒரு துண்டு பீச் மரம். வீட்டில் பழைய பெட்டியோ ஊஞ்சல் பலகையோ இருந்தால், அதன் பூச்சில் கைவைக்கும் முன் விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள்.

(அடுத்த வாரம்: இந்தத் துப்பாக்கிகளுக்குக் கல் உடைத்துக் கொடுத்த பிராண்டன் ஊர்)