மேசைமேல் ஓர் இருப்புப்பாதை

இரயில்வே கேட் மூடியிருக்கும்போது சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பீர்கள். வண்டி கடந்து போகையில் என்ன செய்வீர்கள்? பெட்டிகளை எண்ணுவீர்கள் அல்லவா? நாற்பது வயதைத் தாண்டிய நானும் அதைத்தான் செய்கிறேன். இந்த ஆசையை மேசைமேல் கொண்டுவந்து வைத்துக்கொண்டவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்கள் செய்வது மாதிரி இரயில். "இதெல்லாம் குழந்தை விளையாட்டு" என்று உங்கள் வீட்டில் யாராவது சொன்னால் அவசரப்பட்டு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பொம்மை இரயில் பழையதுதான். ஆனால் அதை ஒரு கலையாக்கியது ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம். 1891ஆம் ஆண்டில் லைப்சிக் நகரச் சந்தையில், சாவி கொடுத்தால் ஓடும் இரயிலைத் தண்டவாளத்தோடு சேர்த்து அது காட்சிக்கு வைத்தது. புதுமை இஞ்சினில் இல்லை. தண்டவாளத்தின் அகலத்தை நிலையான அளவுகளாக வகுத்து, எண் கொடுத்ததில்தான் இருந்தது. இந்த ஆண்டு ஒரு வட்டம் வாங்கிய சிறுவன், அடுத்த ஆண்டு ஒரு தடமாற்றியை வாங்கி அதனோடு பொருத்தலாம். பொம்மை வாங்கிய அன்றே முடிந்துவிடும். இதுவோ முடிவதே இல்லை. இங்கிலாந்தில் ஃபிராங்க் ஹார்ன்பி 1920இல் இரயில்கள் செய்யத் தொடங்கினார். துளையிட்ட உலோகப் பட்டைகளால் ஆன 'மெக்கானோ'வைக் கண்டுபிடித்தவரும் அவரே.

இன்று மிகுதியாகக் காணப்படும் அளவு 87இல் ஒரு பங்கு. உலகில் பல நாடுகளில் உள்ள 1435 மில்லிமீட்டர் பாதையை 87ஆல் வகுத்தால் 16.5 மில்லிமீட்டர் வருகிறது. நம் நாட்டு அகலப் பாதை 1676 மில்லிமீட்டர். அதை வகுத்துப் பாருங்கள், 19.3 மில்லிமீட்டர்! ஆகவே கடையில் கிடைக்கும் தண்டவாளத்தில் நம் ஊர் வண்டியை ஓடவிட்டால், ஒட்டு மீசை வைத்த நாடக நடிகர் போலத்தான், தூரத்திலிருந்து பார்க்கலாம். நம் பயணிகள் பெட்டி ஒன்று சுமார் 21.3 மீட்டர் நீளம். மாதிரியில் அது 24.5 சென்டிமீட்டர், அதாவது உங்கள் அளவுகோலைவிடச் சற்றுக் குறைவு.

நீளம் 87 மடங்கு சுருங்கினால் எடையும் 87 மடங்கு குறையுமா? இல்லை. நீளம், அகலம், உயரம் மூன்றும் சுருங்குவதால் 87 × 87 × 87 மடங்கு, அதாவது ஆறரை இலட்சம் மடங்குக்கு மேல் குறையும். 80 டன் இஞ்சின் ஏறத்தாழ 120 கிராமாகிவிடும். அவ்வளவு இலேசான இஞ்சினின் சக்கரம் தண்டவாளத்தைப் பற்றாமல் வழுக்கும். அதனால் மாதிரி செய்வோர் உள்ளே உலோகக் கட்டியை வைத்து எடையைக் கூட்டுகிறார்கள்.

இதைவிடச் சுவையானது வண்டி நிற்கும் விதம். உண்மை இரயில் மணிக்கு 87 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்று கொள்வோம். மாதிரியில் அது மணிக்கு ஒரு கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 28 சென்டிமீட்டர். இரண்டரை மீட்டர் மேசையை ஒன்பது நொடியில் கடந்துவிடும். பார்வைக்குச் சரியாகவே இருக்கும். பிரேக் போட்டதும் உண்மை வண்டி 500 மீட்டர் ஓடி நிற்கிறது என்றால், மாதிரி 5.7 மீட்டர் ஓடி நிற்கவேண்டும் அல்லவா? ஆனால் நிற்கும் தூரம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுகிறது. வேகம் 87 மடங்கு குறைந்தால், உராய்வின் விகிதம் அதேபோல் இருந்தாலும், தூரம் 7569 மடங்கு குறைகிறது. விடை 6.6 சென்டிமீட்டர். நான்கு விரல் அகலம்! நிலையத்துக்குள் மிதந்து வந்து நிற்கவேண்டிய எக்ஸ்பிரஸ், சுவரில் முட்டியது போல் நின்றுவிடுகிறது. புவியீர்ப்பு நமக்காகச் சுருங்குவதில்லை, அதுதான் காரணம். இதற்காக மோட்டாரின் அச்சில் சிறு பித்தளை உருளையைப் பொருத்துகிறார்கள். மின்சாரம் நின்ற பிறகும் அது சுழன்று இஞ்சினைச் சற்றுத் தூரம் தள்ளிச் செல்லும். சுழலும் பொருளில் ஆற்றல் தங்கியிருக்கும் என்ற பாடத்தை இதைவிட அழகாக நான் வகுப்பில் நடத்தியதில்லை.

வளைவிலும் இதே தொல்லைதான். நம் அகலப் பாதையில் 175 மீட்டர் ஆரமே மிகக் கூர்மையான வளைவு. மாதிரியில் அது இரண்டு மீட்டர். ஒரு முழு வட்டத்துக்கு நான்கு மீட்டர் அகல மேசை வேண்டும். வீட்டில் வேறு யாரும் குடியிருக்கவும் வேண்டுமே! ஆகவே 36 சென்டிமீட்டர் ஆரத்தோடு மனத்தைத் தேற்றிக்கொள்கிறோம்.

இனி என் தோல்வியைச் சொல்கிறேன். இரண்டு தண்டவாளத்திலும் 12 வோல்ட் நேர்மின்சாரம் செலுத்தி ஓட்டுவது வழக்கம். ஒன்று நேர்முனை, மற்றது எதிர்முனை. முனைகளை மாற்றினால் வண்டி பின்னோக்கி ஓடும். இந்த எளிமையில் மயங்கி, நானும் என் மகளும் டென்னிஸ் மட்டை வடிவில் ஒரு பாதை அமைத்தோம். கைப்பிடி வழியே போகும் வண்டி மட்டையைச் சுற்றி வந்து, அதே கைப்பிடி வழியே திரும்பவேண்டும். கடைசித் துண்டைப் பொருத்திச் சாவியைப் போட்டோம். வண்டி அசையவில்லை. மின்மாற்றி சூடேறி, ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. இயற்பியல் ஆசிரியன் வீட்டில்! மோட்டாரைக் கழற்றினேன், கம்பிகளைச் சோதித்தேன். இரண்டு மாலைகள் வீணாயின. மூன்றாம் நாள், பத்து வயது மகள் இடப்பக்கத் தண்டவாளத்தின்மேல் விரலை வைத்துச் சுற்றிலும் தடவிக்கொண்டே போனாள். விரல் மட்டையைச் சுற்றி வந்து வலப்பக்கத் தண்டவாளத்தில் முடிந்தது. நேர்முனையை எதிர்முனையோடு நானே இணைத்து வைத்திருந்தேன்!

வழி இதுதான். மட்டையின் கழுத்தில், புகும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும், இரு தண்டவாளங்களையும் மயிரிழை அகலத்துக்கு வெட்டவேண்டும். மட்டை இப்போது தனித்தீவு. அதற்குத் தனிக் கம்பிகள். வண்டி முழுவதும் தீவுக்குள் வந்த பிறகு, தீவைத் தொடாமல் கைப்பிடியின் முனைகளை மட்டும் மாற்றவேண்டும். வெளியே வரும் வண்டிக்குச் சரியான முனைகள் காத்திருக்கும். தீவைவிட வண்டி நீளமாக இருக்கக்கூடாது என்பதையும் மறக்காதீர்கள். மார்க்லின் நிறுவனத்தாருக்கு இந்தத் தலைவலி இல்லை. அவர்களுடைய பாதையில் இரு தண்டவாளமும் ஒரே முனை. மற்றொரு முனை நடுவில் புள்ளிபுள்ளியாக ஓடுகிறது. நேர்த்தியான தீர்வு, ஆனால் உண்மைப் பாதையில் அந்தப் புள்ளிகள் ஏது என்று கேட்போரும் உண்டு.

இப்படிப்பட்ட சிக்கல்களே சிலரை வெகுதூரம் அழைத்துச் சென்றன. அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கழகத்தில் 1946இல் மாணவர்கள் மாதிரி இரயில் சங்கம் ஒன்றைத் தொடங்கினர. அதில் ஒரு சாரார் மேலே ஓடும் வண்டிகளை விரும்பினர். மற்றொரு சாரார் பலகைக்கு அடியில் கிடந்து, தொலைபேசி நிலையத்து ரிலேக்களால் தண்டவாளங்களுக்கு மின்சாரம் பகிர்ந்தனர். ஒரு வண்டி எந்தத் துண்டில் இருக்கிறது, அடுத்த துண்டு காலியா என்று ஆம்–இல்லை கணக்கிட்ட அந்த இரண்டாம் சாரார், கழகத்துக்குக் கணிப்பொறி வந்ததும் அதன் பக்கம் சாய்ந்தனர். 1962இல் உருவான 'ஸ்பேஸ்வார்' என்னும் முன்னோடிக் கணிப்பொறி விளையாட்டில் அச்சங்கத்தாரின் கை உண்டு.

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 2001இல் பிரவுன் என்னும் இரட்டைச் சகோதரர்கள் திறந்த 'மினியேச்சர் வுண்டர்லேண்ட்' காட்சியில் தண்டவாளம் மட்டும் 15 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. நம் நாட்டில் புனே நகரில் ஜோஷி என்பவர் நிறுவிய மாதிரி இரயில் காட்சியகம் உண்டு. அவ்வளவு பெரிதாகத் தொடங்க உங்களிடம் பணம் இராது, என்னிடமும் இல்லை. அயல்நாட்டு இஞ்சின் ஒன்றின் விலை மலைக்கவைக்கும். ஆயினும் அட்டையால் ஒரு நிலையக் கட்டடத்தை 87இல் ஒரு பங்காகச் செய்யத் தடை ஏது? உங்கள் ஊர் நிலையத்தின் கதவை அளந்து வாருங்கள். இரண்டு மீட்டர் கதவு 23 மில்லிமீட்டராகும்.

போகுமுன் ஒரு கேள்வி. வண்டிகளைத் திருப்ப முக்கோணப் பாதையும் பயன்படும்: மூன்று மூலைகளிலும் தடமாற்றிகள், முன்னும் பின்னுமாக ஓட்டித் திருப்பலாம். தண்டவாளங்களைச் சிவப்பு, நீலப் பென்சில்களால் வரைந்து பாருங்கள். சிவப்பு நீலத்தோடு எங்கே மோதுகிறது? எந்தப் பகுதியைத் தீவாக்கவேண்டும்?