மாரிகாலமும் மாணவர் நலமும்



குளிர்காலம் என்னும் சொல்லை மேனாட்டு நூல்களிற் காணும்போது, பனி படர்ந்த வீதிகளும் கம்பளி உடையணிந்த சிறார்களுமே நம் மனக்கண்முன் தோன்றுகின்றனர். நமது வடக்கு, கிழக்கு மாகாணங்களின் குளிர்காலம் வேறு வகையானது. ஐப்பசியில் இடியோடு தொடங்கி, கார்த்திகையிற் கொட்டித் தீர்த்து, மார்கழியிலும் தையிலும் வாடைக்காற்றோடு கூதலாய் முடியும் மாரிகாலமே நமக்குக் குளிர்காலம். யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மூன்று மாதங்களிலேயே விழுந்துவிடுகிறது. ஆதலால் இக்காலத்து ஆபத்துகளுட் பெரும்பாலானவை குளிரைவிட நீரினாலேயே நேர்கின்றன. தடிமன் பிடிக்குமென்று அஞ்சிப் பிள்ளையின் தலையைத் துவட்டிப் பாடசாலைக்கு அனுப்பும் தாய், வளவின் கோடியிலே கிடக்கும் இளநீர்க் கோம்பையை மறந்துவிடுகிறாள். அந்தக் கோம்பையிலிருந்தே தொடங்குவோம்.

டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் நுளம்பு, சாக்கடை நீரை நாடுவதில்லை. சிறிய கொள்கலன்களில் தேங்கும் தெளிந்த நீரையே பெரிதும் நாடுகிறது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் முட்டைகளை ஒட்டி வைக்கிறது. நீர் வற்றினாலும் அம்முட்டைகள் பல மாதங்கள் அழியாமற் கிடந்து, அடுத்த மழை பட்டதும் பொரிக்கின்றன. பொரித்த புழு, நுளம்பாகிப் பறப்பதற்கு ஏறத்தாழ ஏழு முதற் பத்து நாட்கள் செல்லும். வாரத்துக்கு ஒருமுறை வளவைத் துப்புரவு செய்க என்று சுகாதாரப் பகுதியினர் கூறுவதன் காரணம் இதுவே. தண்ணீரை ஊற்றிவிட்டாற் போதாது. தொட்டியின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். நாம் தீபாவளிக்கு வீட்டை வெள்ளையடிக்கிறோம், முற்றத்தைப் பெருக்குகிறோம். கூரைப் பீலியை மட்டும் எவரும் ஏறிப் பார்ப்பதில்லை. சருகு அடைத்த பீலியொன்று ஒழுங்கை முழுவதற்கும் நுளம்பு வளர்த்துக் கொடுக்கும்.

இந்நுளம்பு பகலிலே கடிப்பது. பகலிற் பிள்ளைகள் இருக்குமிடம் பாடசாலை. எனவே வெள்ளிக்கிழமை மணி அடிப்பதற்கு முன் பூச்சாடிகளையும், பழைய மேசை கதிரைகள் குவிந்த மூலையையும் ஆசிரியர் ஒருவர் பார்வையிடுவது நன்று. 2017 ஆம் ஆண்டில் இலங்கை முழுவதிலும் 186,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளராகப் பதியப்பட்டனர் என்பதை நினைத்தால், அந்தக் கால்மணி நேரம் பெரிதன்று.

பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் பரசிற்றமோல் ஒன்றே போதும்; அதையும் வயதுக்கும் நிறைக்கும் ஏற்ற அளவிற் கொடுத்தல் வேண்டும். அஸ்பிரின், இபுபுரூபன் போன்ற மருந்துகள் குருதிக் கசிவை மிகுவிக்குமாதலால் அவற்றைத் தொடவே கூடாது. மூன்றாம் நாளும் காய்ச்சல் நீடித்தால் குருதிப் பரிசோதனை செய்விக்க வேண்டும். நேயர்கள் மறவாதிருக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. டெங்கில் ஆபத்து, காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது வருவதிலும் பார்க்க, அது தணியும் வேளையிலேயே பெரும்பாலும் வருகிறது. "காய்ச்சல் விட்டுவிட்டது" என்று தாய் ஆறுதலடையும் அந்த நாளில், வயிற்றுவலி, ஓயாத வாந்தி, கைகால் குளிர்தல், சோர்ந்து கிடத்தல், சிறுநீர் குறைதல், குருதிக் கசிவு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் பொழுது விடியட்டும் என்று காத்திராமல் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

மலேரியாவைப் பற்றி ஒரு சொல். உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டெம்பரில் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. ஆயினும் அதே ஆண்டின் இறுதியில், கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் பெருகவல்ல புதியதொரு மலேரியா நுளம்பினம் மன்னாரிற் கண்டறியப்பட்டது. கிணற்றுக்கு வலை போடச் சொல்லும் பரிசோதகரை வீண்வேலை செய்பவராக எண்ணலாகாது.

இனி எலிக்காய்ச்சல். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்திற் பலர் இனந்தெரியாத காய்ச்சலால் இறக்கின்றனர் என்ற அச்சம் பரவியது. பரிசோதித்தபோது அது எலிக்காய்ச்சலே எனத் தெரிந்தது. எலி முதலிய விலங்குகளின் சிறுநீர் கலந்த வெள்ளத்திலும் சேற்றிலும் இந்நோயின் கிருமி இருக்கும். காலிலுள்ள சிறு கீறல் வழியே உடலினுட் புகும். வயலில் இறங்கும் தந்தைக்கும், வெள்ளத்தில் விளையாடும் மகனுக்கும் இது பொது. வயல் வேலைக்குச் செல்வோர்க்கு வேண்டிய தடுப்பு மாத்திரையைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிற் கேட்டுப் பெறலாம். கெண்டைக்காற் சதை நோவும் கண் சிவப்பும் காய்ச்சலோடு சேர்ந்து வந்தால், சேற்றில் இறங்கிய செய்தியை வைத்தியரிடம் மறவாது கூறுக.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடித்தளம் சுண்ணாம்புக்கல். மழைநீர் அதன் வெடிப்புகள் வழியே விரைந்து இறங்கிக் கிணற்றைச் சேர்கிறது. மலக்குழியின் அழுக்கும் அவ்வழியே சேரக்கூடும். மாரியிற் கிணறு நிரம்பியிருப்பதைக் கண்டு நாம் மகிழ்கிறோம். ஆனால் நிரம்பிய நீர் நல்ல நீரென்பதற்குக் கண்பார்வை சாட்சியாகாது. வெள்ளம் புகுந்த கிணற்றைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வழியாகக் குளோரின் இட்டுத் தூய்மை செய்வித்த பின்னரே புழங்க வேண்டும். குடிநீரைக் கொதித்து எழும்பும்வரை காய்ச்சி, பிள்ளையின் போத்தலில் நிரப்பி அனுப்புக. வயிற்றோட்டம் கண்டால் ஜீவனிப் பொதியை, அதிற் குறித்த அளவு நீரிற் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். தாய்ப்பால் அருந்தும் குழந்தைக்குப் பாலை நிறுத்துதல் பெருந்தவறு.

வெள்ளத்தின் வலிமையைப் பெரியோரும் குறைத்தே மதிப்பிடுகின்றனர். 2024 நவம்பர் 26 ஆந் தேதி, அம்பாறை மாவட்டத்துக் காரைதீவுப் பகுதியில், மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் வெள்ளத்திற் கவிழ்ந்து சிறார்கள் உயிரிழந்தனர். அவர்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்தவர்கள். விரைந்தோடும் நீர் அரையடி ஆழமிருந்தாலே வளர்ந்தவரின் காலை வாரிவிடும். இரண்டடி ஆழமானால் பெரும்பாலான மோட்டார் வண்டிகளை இழுத்துச் செல்லும். வீதி நீரில் மூழ்கியபின் மதகு எங்கே, வாய்க்கால் எங்கே என்று அவ்வூர் மனிதனுக்கே தெரிவதில்லை. அத்தகைய நாளிற் பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவதிலும், நீர் வடியும்வரை பாடசாலையிலேயே வைத்திருப்பது மேல் என்பது என் துணிபு. அதற்கு உலர்ந்த உடையும் காய்ச்சிய நீரும் சிறிது பிஸ்கட்டும் அங்கே முன்கூட்டியே இருத்தல் வேண்டும்.

பொந்துகளில் நீர் புகுந்தால் பாம்புகளும் மேட்டை நாடி வீட்டுக்குள் வரும். தரையிற் பாய் விரித்து உறங்குவோரை நள்ளிரவிற் கடிக்கும் விரியன் இனம் உண்டு. அதன் கடியில் வலியோ வீக்கமோ இராமலும் போகலாம். காலையிற் பிள்ளை வயிற்றுவலி என்று சொல்லி, அதன் கண்ணிமைகள் தொங்கக் கண்டால் பாம்புக்கடியையும் ஐயுறுக. இரவில் கட்டிலும், ஓரங்களை மெத்தைக்குள் செருகிய நுளம்புவலையும் நல்ல காவல். கடித்துவிட்டால் கீறுவதும் உறிஞ்சுவதும் இறுகக் கட்டுவதும் கூடாது. பிள்ளையை நடக்கவிடாமல், கடிபட்ட உறுப்பை அசையாது வைத்து, கடித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குப் புறப்படுக. பாம்பைத் தேடி நேரத்தை இழக்க வேண்டாம்.