கரண்டி பிடித்த கையில் திருப்புளி!

"கண்ணு, கதவு திறக்க மாட்டேங்குதே!"

ஐப்பசி மாத ராத்திரி. வெளியே அடைமழை. குளியலறைக்குள் என் மாமியார், வயது 78. மழை ஈரத்தில் மரக்கதவு உப்பி, நிலையோடு இறுகிவிட்டது. வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்தான். என்னிடம் இருந்ததோ, திருவிழாக் கடையில் மலிவாக வாங்கிய திருப்புளி ஒன்று. இடுக்கில் விட்டு நெம்பினேன். கீரைத்தண்டு மாதிரி வளைந்துவிட்டது!

பக்கத்து வீட்டு அண்ணன் கடப்பாரையோடு வந்து திறக்க அரை மணி நேரம். ஈரப் புடவையோடு அத்தை வெடவெடத்து நின்றதைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்றிலிருந்து அவர்கள் கதவைச் சாத்துவதே இல்லை. என்னை வெளியே காவல் வைத்துவிட்டுத்தான் குளியல்.

எங்கள் ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். காப்பிக்கு ஏற்ற இந்தக் குளிரும் ஈரமும் கதவு ஜன்னலுக்கு ஆகிறதில்லை! சேலத்திலிருந்து ஆசாரி வர வேண்டுமானால் 20 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும். சின்ன வேலைக்கு யார் வருவார்கள்?

மறு வாரமே செவ்வாய்ப்பேட்டைக்குப் போனேன். கடைக்காரப் பெரியவர் வளைந்த திருப்புளியைப் பார்த்துச் சிரித்தார். "திருப்புளி திருகுறதுக்கும்மா, நெம்புறதுக்கு இல்லே. ஆனா நல்ல இரும்பா இருந்தா இப்படித் துவளாது" என்றார். அவர் சொல்லித் தந்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

திருப்புளியின் முனை, திருகாணியின் பள்ளத்தில் ஆடாமல் உட்கார வேண்டும். கட்டிங் பிளேயரை மூடி வெளிச்சத்தில் பிடியுங்கள். வெட்டும் வாய் இடைவெளியின்றிச் சேர வேண்டும். சுத்தியலின் தலை பிடியில் அசையக் கூடாது. இவற்றோடு ஒரு அட்ஜஸ்டபிள் ஸ்பானர், சின்ன இழைப்புளி. பத்து மட்டமான சாமான்களைவிட இந்த ஐந்து நல்ல சாமான்கள் போதும்.

முதல் வேலை கதவுதான். அவசரப்பட்டு இழைக்கவில்லை. மழையில் உப்பிய மரம் கோடையில் சுருங்கும். இப்போது நிறைய இழைத்துவிட்டால் அப்போது சந்து விழும். முதலில் கீலைப் பார்த்தேன். மேல் கீலின் திருகாணிகள் லொடலொட! கதவு தொங்கிப்போனதும் ஒரு காரணம். கதவுக்கடியில் மரக்கட்டையை முட்டுக் கொடுத்து, திருகாணிகளைக் கழற்றி, பெருத்துப்போன ஓட்டைகளில் மருந்து நீக்கிய தீக்குச்சிகளைப் பசை தடவிச் செருகினேன். காய்ந்ததும் மறுபடி முடுக்கினேன். உராயும் ஓரத்தில் சாக்பீஸ் பூசி, கதவைச் சாத்தித் திறந்தேன். நிலையில் சாக்பீஸ் ஒட்டிய இடத்துக்கு நேராக மட்டும் லேசாக இழைத்து, மெழுகுவர்த்தியைத் தேய்த்தேன். கதவு வழுக்கிக்கொண்டு சாத்தியது!

அந்தத் தைரியத்தில் அடுத்தது சொட்டுகிற குழாய். விநாடிக்கு ஒரு சொட்டு என்றால்கூட நாளைக்கு ஏறக்குறைய 20 லிட்டர் வீண். தொட்டி வால்வை மூடி, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடித்துவிடுங்கள். நட்டின் மேல் துணி சுற்றி ஸ்பானரால் இடப்பக்கம் திருப்பினால் கழன்று வரும். தேய்ந்த வாஷரைக் கடைக்கே எடுத்துப்போய் அதே அளவில் வாங்கி மாட்டுங்கள். கால் திருப்பில் திறக்கும் புது மாடலில் வாஷருக்குப் பதில் உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜையே மாற்ற வேண்டும்.

ஆனால் சகோதரிகளே, எல்லாவற்றிலும் கை வைக்க வேண்டாம். மின்சார ஒயரிங்குக்கு எலக்ட்ரீஷியன்தான். கேஸ் வாசனை வந்தால் ஸ்விட்சைத் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள்.

கதவு சரியான அன்று அத்தை இரண்டு தடவை சாத்தித் திறந்து பார்த்தார்கள். பிறகு, "நீ போய் அடுப்பைப் பாரு கண்ணு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்கள்.

கதவைச் சாத்திக்கொண்டுதான் குளித்தார்கள்.